மாக்பெத்: ஆசை யாருக்கு, பழி யாருக்கு?

(ஆரணியில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் மாக்பெத் நாடகம் என்று முடிவானதும், "நமக்கு எதுக்குத் தோழர் ஷேக்ஸ்பியர்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் எப்படியும் இதைப் படித்துத்தான் ஆகவேண்டும். நான் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன். ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள் திருத்துகிறேன். மாக்பெத் பேராசையால் அழிந்தான் என்று எழுதாத பிள்ளை இல்லை. நோட்ஸில் அப்படி இருக்கிறது, வகுப்பில் அப்படிச் சொல்கிறார்கள், அப்படியே எழுதுகிறார்கள். அந்த விடையை நாம் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

படிக்காதவர்களுக்காகக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாக்பெத் ஸ்காட்லாந்துப் படைத்தளபதி, மன்னன் டங்கனுக்கு உறவினன். போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் அவன் அரசனாவான் என்று குறி சொல்கிறார்கள். மனைவி தூண்டுகிறாள். தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்து தூங்கும் டங்கனைக் குத்திக் கொல்கிறான், முடி சூடுகிறான். அப்புறம் நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் ஏவுகிறான். மக்டஃப் என்கிற பிரபு தப்பித்துப் போய்விட, அவன் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்லச் செய்கிறான். கடைசியில் அந்த மக்டஃப் கையாலேயே சாகிறான். டங்கனின் மூத்த மகன் மால்கம் அரசனாகிறான்.

முதலில் அந்தச் சொல்லுக்கு வருவோம். 'ஆம்பிஷன்' என்பதற்குத் தமிழில் நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று லட்சியம், இன்னொன்று பேராசை. எதை யாருக்குப் போடுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? டாக்டர் வீட்டுப் பிள்ளை டாக்டராக நினைத்தால் லட்சியம். மூட்டை தூக்குபவர் மகள் நினைத்தால், "விரலுக்கேத்த வீக்கம் வேணும்மா" என்று அறிவுரை சொல்ல ஊரே வந்துவிடும். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அவரை இழந்தோம். அந்த வாரம் தொலைக்காட்சி விவாதங்களில் 'தகுதி' என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று நினைத்துப் பாருங்கள். லத்தீனில் இந்தச் சொல்லின் வேர் சுற்றி வருவது என்று பொருள்படும். பழைய ரோமில் பதவிக்கு நிற்பவர்கள் ஓட்டுக் கேட்டு ஊரைச் சுற்றி வந்ததிலிருந்து பிறந்த சொல். மாக்பெத்தின் ஸ்காட்லாந்தில் ஓட்டும் கிடையாது, சுற்றி வருவதும் கிடையாது. அங்கே ஆசைப்படுகிறவனுக்கு இருக்கிற வழி கத்தி ஒன்றுதான். இதைப் பேராசைக் கட்டுரை எழுதுகிற யாரும் கேட்பதில்லை.

அடுத்தது துணி. நெசவு ஊரில் உட்கார்ந்து இந்த நாடகத்தைப் படித்தால் இதைத் தாண்டிப் போக முடியாது. கரோலின் ஸ்பர்ஜன் என்ற ஆய்வாளர் 1935-இல் ஷேக்ஸ்பியரின் உவமைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மாக்பெத் முழுக்கப் பொருந்தாத உடை என்ற படிமம் திரும்பத் திரும்ப வருவதை எடுத்துக் காட்டினார். தொடக்கத்தில் புதுப் பட்டம் கிடைக்கும்போது, இன்னொருவன் உடையை எனக்கு ஏன் உடுத்துகிறீர்கள் என்ற பொருளில் மாக்பெத்தே கேட்கிறான். முடிவில் எதிரிகள் அவனைப் பற்றிப் பேசும்போது, ராட்சதன் அங்கியைத் திருடிப் போட்டுக்கொண்ட குள்ளனாக அவன் தெரிகிறான். தூக்கத்தைப் பற்றி அவன் புலம்புகிற இடத்தில்கூட நூல்தான் வருகிறது. கவலையால் சிக்கலாகிப் போனதைத் தூக்கம் பின்னிச் சரிசெய்கிறது என்கிறான். அங்கே வருகிற 'ஸ்லீவ்' சட்டைக் கை இல்லை, முறுக்காத பட்டிழை என்றுதான் பெரும்பாலான உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். என் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பாவில் சிக்கு விழுந்தால் வீட்டில் யாரும் அன்று நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, அரச அங்கி மாக்பெத்துக்குப் பொருந்தவில்லை. யாருக்குப் பொருந்துகிறது? மால்கமுக்கு. போரில் அவன் என்ன செய்தான்? எதிரியிடம் பிடிபட இருந்தான், ஒரு படைவீரன் சண்டை போட்டு அவனைக் காப்பாற்றினான். அந்த வீரன் உடம்பெல்லாம் ரத்தம் ஒழுக வந்து செய்தி சொல்வதோடு அவன் வேலை முடிந்தது. நாடகத்தில் அவனுக்குப் பெயர்கூட இல்லை. போரை வென்று கொடுத்தவன் மாக்பெத். ஆனால் வெற்றி விழாவில் டங்கன் தன் வாரிசாக அறிவிப்பது மகன் மால்கமை. மாக்பெத்தின் மனத்தில் இருட்டு முழுதாக இறங்குவது அந்த அறிவிப்பைக் கேட்ட பிறகுதான். முதல் அங்கம் நான்காம் காட்சி, படித்துப் பாருங்கள். அந்த அங்கி மால்கம் பிறந்த அன்றே அவன் அளவுக்குத் தைத்து வைத்தது. அதனால் அது பொருந்துகிறதா என்று யாரும் போட்டுப் பார்க்கச் சொல்வதில்லை.

மாக்பெத் நம் ஆள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவன் நிலப்பிரபு, ராஜகுடும்பத்துச் சொந்தம். தூங்குகிற கிழவனைக் கொன்றவன், பிள்ளைகளைக் கொல்ல ஆள் அனுப்பியவன். அவனுக்கு வக்காலத்து வாங்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் இந்தக் கதையை யார் யாருக்காக இப்படி எழுதினார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

நாடகம் எழுதப்பட்டது 1606 வாக்கில். அப்போது இங்கிலாந்து மன்னர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ். ஷேக்ஸ்பியரின் குழுவுக்கே மன்னரின் குழு என்று பெயர். தன் வம்சம் பாங்கோவிலிருந்து வந்தது என்பது ஜேம்ஸ் குடும்பத்தின் நம்பிக்கை. மன்னர் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று 1598-லேயே புத்தகம் போட்டவர் அவர். சூனியக்காரிகளைப் பற்றியும் 1597-இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். (இதே ஜேம்ஸ் இங்கிலாந்தில் பட்டு வளர்க்க ஆசைப்பட்டு 1609-இல் ஆயிரக்கணக்கில் மல்பெரிக் கன்று வரவழைத்தார். நட்டது கறுப்பு மல்பெரி. பட்டுப்புழுவுக்கு ஒத்துப்போவது வெள்ளை மல்பெரி. திட்டம் ஊத்திக்கொண்டது. ராஜாவின் ஆசைக்கு யாரும் பேராசை என்று பெயர் வைக்கவில்லை.) ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்றிலிருந்து. அதில் பாங்கோவும் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் பாங்கோ கறையில்லாதவன். ஹாலின்ஷெட்டில் மாக்பெத் பத்தாண்டு நீதியாக ஆண்டான் என்று வருகிறது. நாடகத்தில் அந்தப் பத்தாண்டு காணாமல் போய்விட்டது. நிஜ மாக்பெத் 1040 முதல் 1057 வரை 17 ஆண்டு ஆண்டவன். நிஜ டங்கன் செத்தது படுக்கையில் இல்லை, போரில். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் அப்பனுக்குப் பின் மகன் என்ற விதியும் உறுதியாகவில்லை, அரச குலத்தின் வேறு கிளைக்காரர்களும் உரிமை கோரினார்கள். ஆக, பிறப்புவழி ஆட்சி என்பது ஏதோ இயற்கை விதி மாதிரி நாடகத்தில் தெரிவது தற்செயல் இல்லை.

இயற்கை என்றதும் ஒரு காட்சி. டங்கன் செத்த மறுநாள் ஒரு கிழவரும் ஒரு பிரபுவும் பேசிக்கொள்கிறார்கள். பகலிலும் இருட்டு. அரண்மனைக் குதிரைகள் வெறிபிடித்து ஒன்றையொன்று தின்றன. உயரப் பறந்த வல்லூறை எலி பிடிக்கும் ஆந்தை ஒன்று அடித்துக் கொன்றது. கீழே இருப்பது மேலே இருப்பதைத் தொட்டுவிட்டது, உலகமே தலைகீழாகிவிட்டது. உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அதன் ஆங்கில ஒன்றுவிட்ட தம்பி இது. நமக்கு இன்னும் நெருக்கமான கதை உத்தர காண்டத்தில் இருக்கிறது. ஒரு பார்ப்பனச் சிறுவன் அகாலத்தில் சாகிறான். என்ன காரணம் என்று தேடினால், எங்கோ ஒரு சூத்திரன் தவம் செய்கிறான். ராமன் போய்ச் சம்பூகன் தலையை வெட்டுகிறான், பையன் பிழைத்து எழுகிறான். பாபாசாகேப் 'சாதி ஒழிப்பு' நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். நால்வருணம் தானாக நிற்காது, அதை மீறுபவனுக்குத் தண்டனை இருந்தால்தான் நிற்கும், சம்பூகன் கதை காட்டுவது அதைத்தான் என்பது அவர் வாதம். மாக்பெத் செய்தது கொலை, சம்பூகன் செய்தது தவம். இரண்டு கதையும் இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி ஒரே வாக்குமூலத்தை வாங்குகின்றன.

பொருந்தாத உடை என்பது ஷேக்ஸ்பியருக்கு உவமை, நமக்குச் சட்டமாகவே இருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பதிந்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்கள் குடிசை எரிந்தது. 1931 ஜூனில் அந்தப் பட்டியல் பதினொன்றாக நீண்டது. அதில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. இன்னொன்று, அவர்கள் மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். இந்தூர் பக்கம் பலாய் மக்களுக்குச் சரிகைக் கரை போட்ட தலைப்பாகை கூடாது, வண்ணக் கரை வேட்டி கூடாது என்று விதித்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். சரிகைக் கரை, தோழர்களே. நாம் இங்கே நாளெல்லாம் நெய்கிற அதே சரிகைக் கரை. அதைக் கேட்டவர்கள் யார் அரியணையையும் கேட்கவில்லை.

அரியணையைக் கேட்டவர் ஒருவர் உண்டு. நம் ஆரணி ஜாகீர், சிவாஜியின் தகப்பனார் சாஹாஜி காலத்தில் ஒரு மராட்டியப் பார்ப்பனக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. பூசிமலைக்குப்பத்து மாளிகையைப் பார்க்கப் போகிற இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. பார்ப்பனருக்கு ஜாகீர் கொடுக்கும் இடத்தில் இருந்த அதே சாஹாஜியின் மகன், கோட்டை கோட்டையாகப் பிடித்து ராஜ்யம் அமைத்த பிறகு முடிசூட நினைத்தபோது, நீ சூத்திரன், உனக்குப் பட்டாபிஷேகம் கிடையாது என்று அங்கிருந்த பார்ப்பனர்கள் மறுத்தார்கள். காசியிலிருந்து காகபட்டர் வர வேண்டியிருந்தது. ராஜபுத்திர வம்சாவளி காட்ட வேண்டியிருந்தது. 1674-இல் முடி ஏறுவதற்கு முன்னால் தோளில் பூணூல் ஏறியது. அண்ணா 1945-இல் இதை 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்று நாடகமாக்கினார், காகபட்டராக அவரே நடித்தார். சிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் சூட்டிய பெயர்தான் பின்னால் நிலைத்தது. ஆசையின் அவல நாடகம் ஒன்று தமிழில் வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மாக்பெத் கத்தியால் முடியைப் பிடித்தான், அதன் பிறகு யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கவில்லை. சிவாஜிக்குக் கத்தி போதவில்லை, நூலும் தேவைப்பட்டது.

இப்போது நான் உண்மையில் பேச வந்த இடத்துக்கு வருகிறேன்.

கொலைக்கு முன் மாக்பெத் பின்வாங்குகிறான். இதோடு விட்டுவிடலாம் என்று மனைவியிடம் சொல்கிறான். அவள் ஆண்மையைச் சீண்டுகிறாள். அப்போதும் அவன் முழுதாகச் சம்மதிக்கவில்லை, தோற்றுப்போனால் என்ன ஆகும் என்று கேட்கிறான். அவள் பதில் என்ன தெரியுமா? மன்னனின் படுக்கையறையைக் காக்கிற இரண்டு வேலைக்காரர்களுக்கு மதுவை ஊற்றிவிடுகிறேன், அவர்கள் நினைவில்லாமல் கிடக்கும்போது காரியத்தை முடித்துப் பழியை அவர்கள் மேல் போட்டுவிடலாம். இதைக் கேட்டதும்தான் மாக்பெத் முகம் மலர்கிறது. அவளைப் பாராட்டுகிறான். அவர்கள் மேல் ரத்தத்தைப் பூசி, அவர்கள் கத்தியையே பயன்படுத்தினால் ஊர் நம்பிவிடாதா என்று தானே திட்டத்தைப் பூர்த்தி செய்கிறான். தயக்கம் அத்தோடு முடிந்தது.

பேராசை அவனுக்கு முன்பே இருந்தது. சூனியக்காரிகளின் வாக்கும் மனைவியின் தூண்டுதலும் இருந்தன. அத்தனையும் இருந்தும் நகராத கால், பழி சுமக்க இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றதும் நகர்கிறது. அவர்கள் சொல் எடுபடாது என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரு துளி சந்தேகம் இல்லை. நான் பார்த்த எந்த நோட்ஸிலும் இந்த விடை இல்லை.

மூலத்தில் இவர்களைக் குறிக்கும் ஒரு சொல் 'க்ரூம்'. இன்றைக்கு அதற்கு மாப்பிள்ளை என்று அர்த்தம், மாணவர்கள் சில சமயம் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பணியாள். கொலை முடிந்ததும் லேடி மாக்பெத்தே உள்ளே போய் அவர்கள் மேல் ரத்தத்தைப் பூசுகிறாள். விடிந்ததும் கூச்சல். கையிலும் முகத்திலும் ரத்தம், தலையணையில் துடைக்காத கத்தி என்று ஒரு பிரபு சாட்சி சொல்கிறான். அவர்கள் வாய் திறப்பதற்குள் மாக்பெத் வெட்டிவிடுகிறான். மன்னர் மேல் இருந்த அன்பால் பொறுக்க முடியவில்லையாம். ஏன் அப்படிச் செய்தாய் என்று மக்டஃப் ஒருவன் கேட்கிறான், அந்த நேரம் பார்த்து லேடி மாக்பெத் மயங்கி விழ, பேச்சு மாறிவிடுகிறது. பிறகு ஒரு பிரபு, இதனால் அந்த வேலைக்காரர்களுக்கு என்ன லாபம் என்று சரியாகவே கேட்கிறான். யாரோ காசு கொடுத்து ஏவியிருப்பார்கள் என்ற பதிலோடு வழக்கு முடிகிறது. அவர்கள் ஏழைகள் என்பதே போதுமான காரணம்.

என் அப்பா கூலித் தறியில் நெய்தவர். பட்டையும் சரிகையையும் முதலாளி எடை போட்டுக் கொடுப்பார். சேலை போகும்போது மறுபடியும் எடை. ஒருமுறை சில கிராம் குறைந்தது. ஈரப்பதம் குறைந்தாலும் எடை குறையும், அறுந்த இழையிலும் போகும், அது தராசு வைத்திருப்பவருக்கும் தெரியும். இருந்தும் கூலியில் பிடித்தார்கள். பிடித்ததைக்கூட அப்பா பொறுத்துக்கொண்டார். அங்கே நின்றிருந்த மற்றவர்கள் முன்னால், "எடுத்தியா?" என்று கேட்ட அந்த ஒரு கேள்வியை அவர் கடைசி வரை மறக்கவில்லை. துணி உவமைகள் நிறைந்த மாக்பெத்தில் துணி வேலை செய்கிற ஆள் ஒரே ஒருவன்தான் வருகிறான். வாயிற்காவலன் நரகத்தின் வாசலில் நிற்பதாகக் கற்பனை செய்து ஒவ்வொருவராக உள்ளே அழைக்கிறானே, அதில் வருகிற தையல்காரன். அவன் செய்த பாவம், தைக்கக் கொடுத்த துணியில் திருடியது.

'ஜெய்பீம்' படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் 1993-இல் நடந்தது. முதனை கிராமத்து ராஜாகண்ணு, குறவர் சமூகத்தவர். திருட்டுப் பழி சுமத்திக் கொண்டு போனார்கள், காவலில் இறந்தார், தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். நகை எங்கே போனது என்று தெரியாதபோது யாரைத் தூக்க வேண்டும் என்பது மட்டும் ஊருக்கு எப்படி உடனே தெரிந்துவிடுகிறது? நம் வடமாவட்டங்களில் இருளர் குடியிருப்புகளில் கேட்டுப் பாருங்கள், இதே கதையை வேறு வேறு பெயரில் சொல்வார்கள்.

லேடி மாக்பெத் தூக்கத்தில் நடந்து கையைக் கழுவுகிற காட்சி எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கழுவினாலும் கறை போகவில்லை. 1927-இல் மகாத் குளத்தில் நம் மக்கள் தண்ணீர் குடித்த பிறகு, சாதி இந்துக்கள் சாணம், கோமூத்திரம், பால், தயிர் என்று 108 குடங்களில் கலந்து ஊற்றி அதைத் 'தூய்மை' செய்தார்கள். மக்களைத் தடியால் அடித்த கைகளை யாரும் கழுவியதாகத் தெரியவில்லை. அந்த வகையில் ஷேக்ஸ்பியர் ஒரு படி மேல். அவரிடம் கறை செய்தவர் கையில் ஒட்டுகிறது, பிறந்தவர் உடம்பில் இல்லை. அந்தக் காட்சியில் அவள் யாரையெல்லாம் நினைக்கிறாள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். டங்கன் வருகிறான், மக்டஃப்பின் மனைவி வருகிறாள், பாங்கோ வருகிறான். தன் கையாலேயே ரத்தம் பூசிய அந்த இரண்டு பேர் வரவில்லை. மாக்பெத்தின் விருந்தில் ஆவியாக வந்து உட்காருவதும் பாங்கோ மட்டும்தான். கொன்றவர்களின் மனசாட்சியில்கூட அவர்களுக்கு இடம் இல்லை.

ஆசைப்படுவதற்கு எதிரான பாடமாக இந்த நாடகத்தை யாராவது உங்களிடம் நீட்டினால், இரண்டாம் அங்கத்தைத் திறந்து அந்த இருவர் பெயர் என்ன என்று கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்த அங்கத்தை நாமே வாசித்து நடிக்கப் போகிறோம். மாக்பெத்துக்கும் லேடி மாக்பெத்துக்கும் ஏற்கெனவே போட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், நல்லது. வேலைக்காரர்கள் இருவரும் மூலத்தில் மேடைக்கே வருவதில்லை, உள்ளே அறையில் கிடக்கிறார்கள், செய்தி மட்டும் வெளியே வருகிறது. நாம் அவர்களை மேடையின் நடுவில் படுக்க வைக்கலாம் என்று நினைக்கிறேன். வசனம் கிடையாது. காட்சி முடியும் வரை முகத்தில் சாயத்தோடு அசையாமல் கிடக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும், யார் வருகிறீர்கள்?